சரியான விடைக்கு நான் போட்ட முட்டை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இயற்பியல் வாத்தியார்களே, வாத்தியாரம்மாக்களே! ஓய்வுபெற்ற ஒருவன் பேச எழுந்தால் நீங்கள் கைபேசியை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வயதில் நானும் அதையே செய்தேன். அப்போது கைபேசி இல்லை, வாரப் பத்திரிகை இருந்தது. அதனால் அறிவுரை வேண்டாம். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் அடித்த கூத்துகளில் பெரிய கூத்து ஒன்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரியுங்கள். சிரித்த பிறகு உங்கள் விடைக்குறிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முதலில் நம் தொழிலின் ரகசியம். மின்தடைக் கணக்கு என்று நாம் கரும்பலகையில் போடுவதில் முக்கால்வாசி நாடகம். ஆறு ஓமும் மூன்று ஓமும் பக்க இணைப்பில் வந்தால் இரண்டு ஓம். நான்கும் நான்கும் வந்தாலும் இரண்டு ஓம். விடை அழகாக வரவேண்டும் என்பதற்காக எண்களை நாமே பொறுக்கி வைக்கிறோம். பிள்ளைகளும் உலகத்தில் உள்ள மின்தடை எல்லாம் இப்படித்தான் ஒழுங்காகப் பிறக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். பரவாயில்லை, அவர்கள் பிள்ளைகள். வாத்தியார்களும் நம்பிவிடுவதுதான் கோளாறு.

இதில் உச்சம் பிரிட்ஜ் கணக்கு. சாய்சதுரமாக நான்கு மின்தடைகள், குறுக்கே நடுவில் ஐந்தாவது. மேல் பக்கத்து இரண்டின் விகிதமும் கீழ்ப் பக்கத்து இரண்டின் விகிதமும் ஒன்றாக இருந்தால் சுற்று சமநிலையில் இருக்கிறது, நடுவில் மின்னோட்டம் போகாது. போகாத இடத்தில் ஒரு மின்தடையை வைத்து என்ன பிரயோஜனம்? அழித்துவிடலாம். மேலே இரண்டைக் கூட்டு, கீழே இரண்டைக் கூட்டு, பக்க இணைப்பில் போடு, தீர்ந்தது வேலை. சமநிலையில் இல்லாவிட்டால் அழிக்க முடியாது. கிர்க்காஃப் விதி, மூன்று சமன்பாடு, இரண்டு பக்கம், ஒரு தலைவலி மாத்திரை.

நாற்பது நிமிஷப் பீரியடில் தலைவலி மாத்திரைக்கு நேரம் ஏது? அதனால் நான் கொடுத்த பிரிட்ஜ் எல்லாமே சமநிலையில் இருந்தவைதான். கொஞ்ச நாளில் என் வகுப்பில் அதற்கு ஒரு கோஷமே உண்டாகிவிட்டது. படம் வரைந்து முடித்ததும் திரும்பி நின்று "நடுவுல?" என்று கேட்பேன். ஐம்பது தொண்டையும் சேர்ந்து "அழி சார்!" என்று கத்தும். பக்கத்து வகுப்புத் தமிழம்மா ஒருநாள் வந்து, "யாரை சார் அழிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அதில் பெருமை வேறு. விகிதத்தைச் சரிபார்த்த பிறகு அழி என்பதில் முன்பாதியை நான் எப்போது விழுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் கூட இருந்த ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தது அது. "ஆன்ஸர் அசிங்கமா இருந்தா கணக்கு தப்புப்பா. உள்ள போய்ப் பாக்காத, அடிச்சுட்டுப் போயிக்கினே இரு" என்பார். நூறு தாளை ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டு டீக்கடையில் நிற்பார். அந்த வித்தை எனக்கும் படிந்துவிட்டது. பெரும்பாலும் அது சரியாகவும் வரும் என்பதால் ஒருநாளும் மாட்டிக்கொள்ளவில்லை.

மாட்டிக்கொண்டது ஓய்வுக்கு இரண்டு வருஷம் முன்னால். எங்கள் பள்ளி செங்கம் ரோட்டில், ஆசிரமங்களும் வாடகை அறைகளும் இருக்கிற பகுதியில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு திருப்புதல் தேர்வு வைத்தார்கள். இயற்பியல் கேள்வித்தாள் தயாரிக்கும் பாக்கியம் எனக்கு. அந்தத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து, பள்ளிக்கு ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். பள்ளிக்கு ஒருவர்தான், இரண்டாமவருக்கு ஒன்றும் கிடையாது.

நான் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு பிரிட்ஜ் வைத்தேன். மேலே 2, 4. கீழே 3, 6. நடுவில் 5. விடைக்குறிப்பில் 3.6 ஓம் என்று எழுதி எல்லாப் பள்ளிக்கும் அனுப்பினேன். எனக்கே கொட்டாவி வந்தது, அவ்வளவு சுலபமான கணக்கு.

திருத்திய நாள் பௌர்ணமி. இந்த ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மத்தியானத்துக்கு மேல் கிரிவலத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள், வீட்டுக்குப் போக முடியாது. அதற்குள் முடிக்க வேண்டும் என்று காலையிலேயே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து விளாசிக்கொண்டிருந்தேன். 3.6, ஐந்து. 3.6, ஐந்து. அப்படி வந்துகொண்டிருந்தபோது ஒரு தாளில் அந்தக் கணக்கு இரண்டரைப் பக்கத்துக்கு ஓடியிருந்தது. சமன்பாட்டுக்கு மேல் சமன்பாடு, அடித்தல், திருத்தல், கடைசியில் கட்டம் கட்டிய விடை 450/131 ஓம்.

தாள் யமுனாவுடையது. வகுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வருகிற பெண். நான் சிரித்துவிட்டேன். சும்மா சிரித்திருந்தாலும் போகட்டும். தாளைத் தூக்கிப் பக்கத்தில் இருந்த வேதியியல் சாரிடம் காட்டி, "நானூத்தம்பது பை நூத்தி முப்பத்தொண்ணாம், பாருங்க சார், ரேஷன் கார்டு நம்பர் மாதிரி" என்றேன். அவரும் சிரித்தார். நான் பெரிதாக ஒரு முட்டை போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. இதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் மொத்தம் கூட்டியபோது தினேஷ் என்ற மாணவன் யமுனாவைவிட ஏழு மதிப்பெண் முன்னால் இருந்தான். தலைமையாசிரியை அவன் பெயரை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். தாள்களை வகுப்பில் கொடுத்துவிட்டு நான் மொபெட் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது யமுனா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், இந்தக் கணக்குல எந்த ஸ்டெப்பு தப்புன்னு சொல்லுங்க சார். மார்க்குக்காகக் கேக்கல." ஒரு நொடி விட்டு, "இல்ல சார், மார்க்குக்காகவும்தான்" என்றாள்.

"நடுவுல என்னம்மா பண்ணணும்?" என்றேன், கோஷம் வரும் என்று.

"சமமா இருந்தாத்தான சார் அழிக்கணும்? மேல ரெண்டுக்கு நாலு. கீழ ஆறுக்கு மூணு. சமமா இல்லியே சார்."

"கீழ மூணுக்கு ஆறும்மா."

"பேப்பர்ல ஆறுதான் சார் மொதல்ல இருக்குது."

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். ஆறுதான் முதலில் இருந்தது. அச்சகத்தின் மேல் பழி போடலாமென்று என் கைப்பிரதியைத் தேடி எடுத்தேன். அதிலும் ஆறுதான் முதலில், என் கையெழுத்திலேயே. திருத்தி எழுதும்போது கீழ்ப் பக்கத்தை வலமிருந்து இடமாக எழுதித் தொலைத்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், எண்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. மூன்றும் ஆறும் ஒன்பது, ஆறும் மூன்றும் ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டு நடுவை அழித்தால் இரண்டு படத்துக்கும் ஒரே 3.6 தான் வரும். அதனால் இரண்டு முறை சரிபார்த்த எனக்கும் தெரியவில்லை, மற்ற பதினோரு பள்ளி வாத்தியார்களுக்கும் தெரியவில்லை. விகிதத்தைப் பார்த்தவளுக்கு மட்டும் தெரிந்தது. கேள்வித்தாளின் பின்பக்கத்திலேயே நானும் கிர்க்காஃப் போட்டேன். 450/131 வந்தது.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்த எண்ணம் நியாயம் அல்ல, தப்பிக்கிற வழி.

"ஏதோ மிஸ்டேக் ஆயிடுச்சும்மா. எல்லாருக்கும் ஒரே கொஸ்டின்தானே, விடு" என்றேன்.

"எல்லாருக்கும் ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும் சார். எனக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. கடைசி மூணு மார்க் கொஸ்டினைத் தொடவே இல்ல." அவள் குரல் உயரவில்லை. "லிஸ்ட்டுல பேரு வரலன்னா பரீட்சை முடிஞ்சதும் எங்கம்மா ரூம் கூட்டற லாட்ஜிலயே ரிசப்ஷன்ல உக்கார வெச்சிடுவாங்க சார். ஓனர்கிட்ட பேசிட்டாங்க. நான் இங்கிலீஷ் பேசறேன்ல, அதான்."

அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியையிடம் போனேன். நல்ல அம்மா, ஆனால் பிரச்சினை என்றால் உடனே ஒரு போர்வையைத் தேடுவார், போட்டு மூட. "இதுக்கு ஏன் சார் இவ்ளோ டென்ஷன்? அட்டெண்ட் பண்ணவங்க எல்லாருக்கும் அஞ்சு மார்க் குடுத்துடுங்க. எப்பவும் பண்றதுதான" என்றார்.

எப்போதும் செய்வதுதான். கேள்வி தப்பாகிவிட்டால் எல்லாருக்கும் மதிப்பெண் வீசுவது நம் குலவழக்கம். ஆனால் கணக்கைப் பாருங்கள். தினேஷுக்கு ஏற்கெனவே அந்த ஐந்து இருக்கிறது. யமுனாவுக்கும் ஐந்து கொடுத்தால் ஏழு வித்தியாசம் இரண்டாகக் குறையும், அவ்வளவுதான். பட்டியலில் பெயர் மாறாது. எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள், சரியாகப் போட்ட ஒருத்தி மட்டும் லாட்ஜ் வரவேற்பறையில் உட்காருவாள்.

"கேள்வி தப்பில்ல மேடம். அச்சடிச்ச கேள்விக்கு ஒரு ஆன்ஸர் இருக்குது, அவ அதைப் போட்டிருக்கா. தப்பு நான் குடுத்த கீ. 3.6 போட்டவங்களுக்கு அஞ்சு குடுத்ததுதான் தப்பு."

"அப்போ நம்ம பசங்க எல்லாருக்கும் அஞ்சைப் புடுங்குவீங்களா? பன்னெண்டு ஸ்கூல் சார்! ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆவப் போறீங்க, ஏன் சார் உங்களுக்கு இந்த வேல?"

அவர் பெருமூச்சு விட்டு அலுவலகத்துக்கு போன் அடித்தார். பௌர்ணமி நாளில் அங்கே யார் எடுப்பார்கள்? நான்கு முறை அடித்துவிட்டு, "அஞ்சு மணிக்கு லிஸ்ட்டை மேல அனுப்பிடுவாங்க. மாத்தணும்னா நீங்களே போய் நில்லுங்க சார். என்னை இழுக்காதீங்க" என்றார். அப்போது மணி மூன்றே முக்கால்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் தடுப்பு போட்டாகிவிட்டது. போலீஸ்காரர், "வண்டி போவாது சார், நடங்க" என்றார். நடந்தேன். அலுவலகம் ஊருக்குள். கிரிவலக் கூட்டமோ ஊரிலிருந்து எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. வலம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு திசையில், நான் ஒருவன் மட்டும் எதிர்த்திசையில், கையில் ஒரு விடைத்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேக நடை. "பெரியவரே, இந்தப் பக்கம் சுத்தக் கூடாது!" என்று ஒரு அம்மா கத்தினார். "பாவம், வேண்டுதல் போலக்குது" என்றார் கூட வந்தவர். காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டு நிறுத்தி, "சாமி, ராங் சைடு" என்று சுத்தத் தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் சொன்னார். முப்பது வருஷம் வகுப்பில் ராங் சைடில் போனதை யாரும் சொல்லவில்லை, இதைச் சொல்ல மட்டும் இத்தனை பேர்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர், அவரும் இயற்பியல் படித்தவர்தான். மூச்சு வாங்கிக்கொண்டே கேள்வித்தாளை அவர் முன்னால் வைத்து, "இதுக்கு ஆன்ஸர் என்ன சார்?" என்றேன். ஒரு பார்வை பார்த்தார்.

"3.6. ஏன்?"

"நானும் அதைச் சொல்லித்தான் ஒரு பொண்ணுக்கு ஜீரோ போட்டேன்."

மறுபடி பார்த்தார். விரலால் மேலே இரண்டைத் தொட்டார், கீழே இரண்டைத் தொட்டார். காது சிவந்துவிட்டது. பிறகு யமுனாவின் இரண்டரைப் பக்கத்தையும் வரி வரியாக, வாயசைத்துப் படித்தார். எனக்கு அந்த ஆள் மேல் அப்போது மரியாதை வந்தது. நான் செய்யாத வேலை அது.

"என்ன பண்ணலாங்க சார்? கிரேஸ் மார்க்னா இப்பவே ஒரு மெசேஜ் போட்டுடறேன். கீயே தப்புன்னா எல்லா ஸ்கூலும் திருப்பித் திருத்தணும். நான் லிஸ்ட்டை நிறுத்தணும்னா, கீ போட்டவர் தன் தப்புன்னு கையெழுத்துப் போட்டு எழுதித் தரணும். அந்த லெட்டர் பன்னெண்டு ஸ்கூலுக்கும் போவும். யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். பன்னிரண்டு ஆசிரியர் அறையிலும் என் பெயரைச் சொல்லி டீ குடிப்பார்கள் என்று தெரிந்தது. என் பிள்ளைகளே என்னை முறைப்பார்கள் என்பதும் தெரிந்தது. பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என்னை எழுத வைத்தது வீரம் எல்லாம் இல்லை. காலையில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது, அதுதான். நான்கு வரி எழுதினேன். படத்தில் எண்களை மாற்றி எழுதியது நான், சரிபார்க்காமல் விடை கொடுத்தது நான், சரியான விடை 450/131 ஓம், வேறு விடைக்கு மதிப்பெண் இல்லை. கையெழுத்து. அதிகாரி பட்டியலை மூன்று நாள் நிறுத்தி வைத்தார்.

அந்த மூன்று நாளும் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் எனக்கு நடந்த அர்ச்சனையை இங்கே சொல்ல முடியாது, உங்களில் பெண்பிள்ளைகளும் இருக்கிறீர்கள். ஆனால் வேறு இரண்டு பள்ளியில் இதே அசிங்கமான விடைக்கு முட்டை வாங்கிய இரண்டு பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். அவர்களைப் பார்த்தும் யாரோ சிரித்திருப்பார்கள்.

எங்கள் பள்ளியில் தினேஷுக்கு ஐந்து போனது, யமுனாவுக்கு ஐந்து வந்தது. ஏழு பின்னால் இருந்தவள் மூன்று முன்னால் வந்தாள். எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். தினேஷ் என்ன தப்பு செய்தான்? நான் கத்தச் சொன்னதைக் கத்தினான், அழிக்கச் சொன்னதை அழித்தான். "நீங்க சொன்னதைத்தான சார் செஞ்சேன்?" என்று ஒரே ஒரு முறை கேட்டான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க என்னிடம் பேசவில்லை. அவன் கேட்டது நியாயம். அதற்கான பதிலை நீங்கள் கண்டுபிடித்தால் சொல்லுங்கள்.

அதனால் சொல்கிறேன். பிரிட்ஜ் கணக்கு வைத்தால் நான்கில் ஒன்றாவது சமநிலையில் இல்லாததாக வையுங்கள், பீரியடு போனால் போகட்டும். விடை அசிங்கமாக இருந்தால் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். யாருடைய தாளையும் பக்கத்து நாற்காலிக்குக் காட்டிச் சிரிக்காதீர்கள்.

இறுதிப் பட்டியல் போவதற்கு முதல் நாள் மறுபடி யமுனா வந்தாள். கையில் அதே விடைத்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைக் கொஞ்சம் அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"சார், ஒம்பதாவது கேள்வியில எனக்கு ரெண்டு மார்க் ஜாஸ்தி போட்டிருக்கீங்க. யூனிட்டு தப்பு, படமும் போடல."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அவசரத்தில் அங்கேயும் படிக்காமல் அள்ளி விட்டிருக்கிறேன்.

"யம்மா, இதைக் கழிச்சா என்ன ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"கழிச்சுப் பாத்துட்டுத்தான் சார் வந்தேன். அப்பவும் எனக்கு ஒரு மார்க் ஜாஸ்தி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டே, "சரி, ஒரு மார்க் கம்மியா வந்திருந்தா?" என்று கேட்டேன்.

தாளை என் பேனா பக்கமாகத் தள்ளினாள்.

"அப்பவும் வந்திருப்பேன் சார். அழுதுக்கினே வந்திருப்பேன்."